எட்டாவது கிளாஸ்

என் அக்கா மகள் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கிப் போனபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இங்கே இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது.

அமெரிக்காவில் வூஸ்டர் நகரம், பிப்ரவரி மாதம். மூன்றடுக்கு மர வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். அக்கா அஃப்ரியேவுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் புருஷன் ஜாம்ஃபி நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஐந்தாறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெரியவள் செர்வாவுக்குப் பதினான்கு வயது, சின்னவள் அடோமாவுக்கு நான்கு. நான் ஒபிரி. நர்சிங் படிப்பை மூன்றாவது பருவத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். உண்மையில் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தவன் இப்போது அவர்கள் படுத்த விரிப்புகளைத் துவைக்கிறேன்.

எங்கள் அகான் இன வழக்கத்தில் பிள்ளை தாயின் வம்சம். அப்பா பெயர் வைப்பார், சோறு போடுவார், அடிக்கவும் செய்வார். ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்றால் ஊர் தாய்மாமனைத்தான் கேட்கும். கானாவில் இது பெரிய பதவி. வூஸ்டரில் இதன் அர்த்தம், காலை ஏழிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு நான் வேலை முடித்து வந்ததும் செர்வா பள்ளிப் பேருந்துக்கு ஓடுவாள். பதினொன்றே முக்காலுக்கு மழலையர் பள்ளி வேன் வந்து அடோமாவை ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு நான் செத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொடர்ந்து ஐந்தாவது இரவு வேலை முடித்து வந்திருந்தேன். சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணியைப் பிரித்துப் போடுவது என் வேலை. விரிப்பை உதறினால் கத்தரிக்கோல் விழும், பல் செட் விழும். ஒருமுறை கல்யாண மோதிரம் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து, அடோமாவுக்குக் கஞ்சி கொடுத்து, பொம்மைப் படம் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றத் தரையில் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்ததாக எனக்குத் தெரிந்தது அழைப்பு மணிச் சத்தம்.

வாசலில் எதிர்வீட்டு கோர்ஸ்கி அம்மா நின்றிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மூன்று வருடத்தில் எங்களிடம் அவர் பேசியது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் குப்பைத் தொட்டியைப் பற்றி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தரை வரை தொங்கும் ஒரு ஆம்பளைக் கோட்டுக்குள் அடோமா இருந்தாள்.

"உங்க கதவு திறந்து கிடந்தது" என்றார். என் கால்களைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

கோர்ஸ்கி அம்மாவின் வாசற்படியில் ஒரு சிமென்ட் வாத்து இருக்கிறது. பருவத்துக்குத் தக்கபடி அதற்கு உடை மாட்டுவார். பிப்ரவரிக்குச் சிவப்புக் கம்பளிக் கோட்டு. அதைப் பார்க்கத்தான் அடோமா இரவு உடையோடும் தன் அம்மாவின் வீட்டுச் செருப்போடும் தெருவைக் கடந்து போயிருக்கிறாள். பனி வாரும் வண்டி ஓடும் தெரு. வாத்து கோட்டு போட்டிருந்தது. பிள்ளை போடவில்லை.

அவள் பாதங்களை என் வயிற்றில் வைத்துச் சூடேற்றினேன். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். படித்த மூன்று பருவத்தில் அதுவாவது மிச்சம் இருந்தது. நன்றாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் பதினொன்றே முக்கால் வரை பல் கிட்டித்தது.

சாயங்காலம் அக்கா வேர்க்கடலைக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். அடோமா மேசையடியில் இருந்து சொன்னாள்: "வாத்தம்மா எனக்குச் சூடா சாக்லேட் பால் குடுத்தாங்க."

"எந்த வாத்தம்மா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் தனியாவே போனேன்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் அந்தக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

"ஒபிரி."

பொய்யைப் பகலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். "அடித்தளத்துக்குத் துணி எடுக்கப் போனேன்க்கா. ரெண்டே நிமிஷம். மேல வந்தா ஆள் இல்ல. கதவைத் திறக்கக் கத்துக்கிட்டா போல."

"அந்த அம்மா என்ன சொன்னா?"

"கதவு திறந்து கிடந்ததுன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஜனங்கள் இந்த நாட்டில் போலீசுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். பிள்ளைகள் நல ஆபீசுக்குப் பயப்படுவார்கள். ஒரு போன் போதும். வந்து கட்டிலை எண்ணுவார்கள், குளிர்பெட்டியைத் திறப்பார்கள், பிள்ளையைத் தனியறையில் வைத்துக் கேள்வி கேட்பார்கள், சரியில்லை என்று பட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"சொல்லியிருந்தா இந்நேரம் வந்திருப்பாங்கம்மா" என்றாள் செர்வா.

அந்த நேரம் பார்த்து ஜாம்ஃபி அத்தான் போன் செய்தார். நெப்ராஸ்காவில் ஏதோ ஒரு லாரி நிறுத்தத்தில் இருந்தார். அக்காவுக்கு அவரிடம் எதையும் மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னாள். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"மச்சான்" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். தூங்கினியா?"

"இல்லத்தான்."

"அடித்தளத்துல ரெண்டு நிமிஷம்னா அது யாருக்கும் நடக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நீ தூங்கினதாத் தெரிஞ்சுது, ஈஸ்டருக்கு டிக்கெட் போட்டுடுவேன். புள்ளை குமாசியில என் தங்கச்சிகிட்ட வளரட்டும். அங்க தெருவே கண்ணு வச்சுப் பாத்துக்கும். இங்க பாத்துக்க ஒரு தூங்குமூஞ்சி."

"ஒரு புள்ளையை அனுப்பினது போதாதா?" என்றாள் அக்கா.

அப்படி அனுப்பப்பட்டவள்தான் செர்வா. மூன்று வயதில் கானாவில் எங்கள் ஊரான குமாசிக்குப் போனாள். அப்போது அக்காவுக்கு இரண்டு வேலை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒன்பது வயதில் திரும்பி வந்தாள். மரியாதை தெரிந்தவளாக, நன்றாக எங்கள் ட்வி மொழி பேசுகிறவளாக, ஃபூஃபூக் களி இடிக்கத் தெரிந்தவளாக வந்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். விமான நிலையத்தில் அக்காவைப் பார்த்து முட்டி மடக்கி வணங்கி, "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றாள். ஒரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்கு அம்மா என்றால் குமாசியில் இருந்த அத்தை.

"அங்க எனக்கு ஒரு குறையும் இல்லப்பா" என்றாள் செர்வா போனைப் பார்த்து. "ஆனா அடோமாவை அனுப்பினா நான் உங்களோட பேச மாட்டேன்."

"பெரியவங்க பேசும்போது நீ ஏன் நடுவுல?"

"நீங்கதான் ஸ்பீக்கர்ல இருக்கீங்க."

அத்தான் சிரித்துவிட்டார். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அவர் அப்படித்தான்.

போனை வைத்ததும் அக்கா எழுந்தாள். "நாளைக்குக் காலையில போறோம். நன்றி சொல்ல."

எங்களில் ஒரு உதவி கிடைத்தால் அப்போதே சொல்லும் நன்றி சும்மா வாய் வார்த்தை. மறுநாள் விடிந்ததும், உதவி செய்தவர் வேலைக்குக் கிளம்பும் முன், ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் இன்னொரு உதவி கேட்க வந்த மாதிரி இருக்கும்.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் செர்வா. "இங்கெல்லாம் கார்டு அனுப்புவாங்க. பூப் போட்ட கார்டு. உள்ள நன்றின்னு அச்சடிச்சே இருக்கும். கையெழுத்துப் போட்டா போதும்."

"அப்ப நன்றி சொன்னது அச்சுக்காரன். நான் என்னத்தச் சொன்னேன்?"

"விடியக்காலையில ஏழெட்டு கறுப்பு ஆளுங்க போய் ஒரு வெள்ளைக்காரி கதவைத் தட்டினா என்ன ஆகும் தெரியுமா? அவங்க இதுவரைக்கும் பண்ணாத போனை அப்பப் பண்ணுவாங்க."

"ஏன் பண்றா? நல்ல காரியத்துக்கு வெள்ளைதானே உடுத்திட்டுப் போறோம்."

செர்வா என்னைப் பார்த்து, "மாமா, நீயாவது சொல்லேன்" என்றாள்.

எனக்கும் போக விருப்பமில்லை, காரணம்தான் வேறு. போனால் பேச்சு வரும். பேச்சு வந்தால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மா எவ்வளவு பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. "அக்கா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். கோழைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக விடுப்புக் கேட்டு வந்தேன். ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஊர்வலம் தயாராக நின்றது. அக்கா, செர்வா, அடோமா. சபையிலிருந்து போகுவா அக்காவும் அவள் தங்கச்சியும். எங்களுக்காகப் பேச பாஃபோ பெரியப்பா. பெரியப்பா விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர். ஆனால் கல்யாணம், பெயர் சூட்டல், இழவு எதுவானாலும் வூஸ்டரில் எங்கள் ஜனத்துக்கு வாய் அவர்தான். ஊரில் இந்த வேலைக்குத் தங்கப்பூண் போட்ட கோல் பிடிப்பார்கள். அவர் குடை பிடித்திருந்தார். ஏழாவது ஆளாக, சலவைக்கூடச் சீருடையில் நான். எல்லோரும் வெள்ளை உடுத்தி அதன்மேல் தடிமனான குளிர் கோட்டு மாட்டியிருந்தார்கள். முப்பது முட்டை அடுக்கிய தட்டு ஒருத்தி கையில், என் முழங்கை நீளத்தில் ஒரு பெருவள்ளிக்கிழங்கு இன்னொருத்தி கையில். பெரியப்பா கோட்டுப் பையில் ஒரு ஜின் பாட்டில். அக்கா கையில் துவைத்து இஸ்திரி போட்ட அந்த ஆம்பளைக் கோட்டு. செர்வா கையில் போன். போனுக்குள் ஜாம்ஃபி அத்தான் தொப்பியைக் கழற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா குடைப் பிடியால் கதவைத் தட்டினார். மாடியில் விளக்கு எரிந்தது. படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. கதவு திறக்கவில்லை.

"நான் யாருக்கும் போன் பண்ணலை!" உள்ளிருந்து கோர்ஸ்கி அம்மாவின் குரல். "நம்பரைப் போட்டேன், வச்சுட்டேன்! யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை! போயிடுங்க!"

சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நம்பரைப் போட்டிருக்கிறார். அவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறது.

"என்னம்மா சொல்றா?" என்று பெரியப்பா கேட்டார்.

"போகச் சொல்றாங்க பெரியப்பா" என்றாள் செர்வா.

"நல்லது. எடுத்தவுடனே உள்ள வான்னு சொல்றவ லேசானவ. இவ கௌரவமானவ." மறுபடி தட்டினார்.

"இவங்க இப்பப் போலீசைக் கூப்பிடப் போறாங்க" என்று செர்வா பல்லைக் கடித்தாள். "நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

அடோமா குனிந்து, கடிதம் போடும் துவாரத்தை விரலால் தூக்கி, வாயை அதில் வைத்தாள். "வாத்தம்மா, நான்தான். இன்னைக்குக் கோட்டு போட்டிருக்கேன்."

பிறகு சங்கிலி கழன்றது.

அவர் இரவு அங்கியில் இருந்தார், தலைமுடி ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது. எங்கள் வெள்ளை உடையையும் கிழங்கையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கோம்" என்று செர்வா ஆங்கிலத்தில் சொன்னாள். "மன்னிக்கணும். எங்க வழக்கம். பத்து நிமிஷம்தான்." அது பத்து நிமிடத்தில் முடிகிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

சமையலறை சின்னது. நான்கு நாற்காலி. பெரியப்பா ஒன்றில் அமர்ந்து, குடையை முட்டிகளுக்கு நடுவே நிறுத்தி, வாயை மூடிக்கொண்டார். கோர்ஸ்கி அம்மா காத்திருந்தார். பெரியப்பாவும் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?"

செர்வா குரலைத் தாழ்த்தினாள். "வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுக்கணும். அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னு நீங்க கேக்கணும். அதுவரைக்கும் அவர் பேச மாட்டார்."

"எத்தனை பேருக்கு?"

"எட்டு" என்றார் பெரியப்பா. அதற்கு மட்டும் ஆங்கிலம் வந்தது. போனைக் காட்டினார். "அவர் தகப்பன். அவருக்கும்."

கோர்ஸ்கி அம்மா தனியாக இருப்பவர். எட்டு கிளாஸ் தேட வேண்டியிருந்தது. ஜாம் பாட்டில் ஒன்று, பல் துலக்கும் குவளை ஒன்று, புளோரிடா நண்டு படம் போட்ட கோப்பை இரண்டு. ஒவ்வொன்றாக நீட்டினார், இடது கையால். போகுவா அக்கா ஒரு கணம் கண்ணை மூடி, கர்த்தரிடம் ஏதோ சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் எட்டாவது கிளாஸ் வந்தது. நெப்ராஸ்காவில் அத்தான் தலை குனிந்து நன்றி சொன்னார்.

"சரி" என்றார் கோர்ஸ்கி அம்மா. "எதுக்குத்தான் வந்தீங்க?"

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டாளே! எழுந்து நின்றார். ட்வியில்தான் பேசுவேன் என்றார். நன்றி வேறு மொழியில் ஏறினால் வழியிலேயே பாதி சிந்திவிடுமாம். செர்வா மொழிபெயர்த்தாள். எங்களில் யாரைவிடவும் அவளுக்குத்தான் இரண்டும் சுத்தமாக வரும். அந்த ஆறு வருடத்தின் கூலி அது.

நேற்று ஒரு குஞ்சு கூட்டை விட்டு இறங்கியது என்று ஆரம்பித்தார். மேலே பருந்து சுற்றியது, கீழே குளிர் வாயைத் திறந்தது என்றார். அக்கம்பக்கத்துக் கோழி தன் குஞ்சு இல்லையே என்று பார்க்காமல் சிறகை விரித்தது என்றார். கோர்ஸ்கி அம்மா செர்வாவைப் பார்த்து, "நானா கோழி?" என்று கேட்டார். "ஆமாம், நல்ல அர்த்தத்துல" என்றாள் அவள்.

"இந்தப் பிள்ளையின் மாமன் கடமை தவறாதவன்" என்று பெரியப்பா குடையால் என்னைக் காட்டினார். "இரவெல்லாம் உழைத்து வந்தவன், வந்தும் உட்காராமல் வீட்டுத் துணியை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கினான். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில்..."

செர்வா அதையும் மொழிபெயர்த்தாள். கோர்ஸ்கி அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று வாசலில் பார்த்தது போலவே, முதலில் காலை, பிறகு முகத்தை. அவருக்குத் தெரியும். எப்படி என்று புரியவில்லை, ஆனால் தெரியும்.

"அவங்களைக் கேளு செர்வா" என்றார் அத்தான் போனில். "மரியாதையாவே கேளு. அவன் தூங்கலைதானே?"

செர்வா கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

கோர்ஸ்கி அம்மா இரவு அங்கியின் கயிற்றை இறுக்கிக்கொண்டார். "தூங்கலை" என்றார். "அடித்தளத்துலதான் இருந்தார். உங்க வீட்டு அடித்தளப் படி மோசம், சீக்கிரமா ஏறி வர முடியாது. எனக்குத் தெரியும்."

அக்கா மூச்சு விட்டாள். அத்தான் தலையாட்டினார். எல்லாம் முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்திருக்கலாம்.

அக்காவிடம் பொய் சொல்லியிருந்தேன். அத்தானிடமும் சொல்லியிருந்தேன். அதையெல்லாம் சுமந்துகொண்டு துணி பிரிக்க என்னால் முடிந்தது. ஆனால் எங்களுக்கு எந்தக் கடமையும் இல்லாத ஒரு பொம்பளை, தூக்கம் கலைந்து, பல்கூடத் துலக்காமல், தன் சமையலறையில் நின்றுகொண்டு எனக்காகப் பொய் சொல்வதைத் தாங்க முடியவில்லை. நன்றி சொல்ல வந்த இடத்தில் அவர் கையில் அசிங்கத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது.

"தூங்கினேன்" என்றேன் ட்வியில். "அடித்தளத்துக்குப் போகவே இல்ல. ஷூவைக் கழட்ட உட்கார்ந்தேன், அப்படியே தூங்கிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. முக்கால் மணி நேரம் இருக்கலாம். அந்த அம்மா மணி அடிச்சுத்தான் எழுந்தேன்."

செர்வா மொழிபெயர்க்கவில்லை. பெரியப்பா மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அவர் பேச்சின் நடுவே உட்கார்ந்தது அது ஒரு தடவைதான் என்று பின்னால் சொன்னார்கள். அக்கா தன் மடியில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்டர்" என்றார் அத்தான். ஒரே வார்த்தை.

"என்ன சொன்னார் இவர்?" என்று கோர்ஸ்கி அம்மா கேட்டார்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம்னு சொன்னார்" என்றாள் செர்வா. பிறகு அவளாகவே மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். குமாசி, டிக்கெட், எல்லாம். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

கோர்ஸ்கி அம்மா அடுப்பில் சாய்ந்துகொண்டார். பேசும்போது என்னை மட்டும் பார்த்தார்.

"நம்பரைப் போட்டுட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள, முதல்ல வீட்டைப் பார்த்துடலாம்னு வச்சேன். இவளைத் தூக்கிட்டு வந்து உங்க ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ தரையில கிடந்தே. நீ குடிச்சிருக்கியோன்னு நினைச்சேன். அப்புறம் உன் காலைப் பார்த்தேன். ஒரு ஷூ போட்டபடி இருக்கு, இன்னொண்ணு பாதி கழட்டினபடி. என் புருஷன் ஸ்டான் அப்படித்தான் தூங்குவான். கம்பி ஆலையில ராத்திரி ஷிப்ட், இருபத்தாறு வருஷம். குடிகாரன் ரெண்டு ஷூவோடயும் தூங்குவான். வேலை செஞ்சுட்டு வந்தவன் ஒண்ணைக் கழட்டும்போது தூங்கிடுவான். இவளைத் திரும்ப எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பால் குடுத்தேன். நீ கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு."

செர்வா ஒவ்வொரு வரியாக ட்வியில் போனுக்குச் சொன்னாள். அத்தானுக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தும் சொன்னாள்.

"எங்க பொண்ணும் ரெண்டு தடவை இப்படி வெளிய போயிருக்கா. அப்ப அவளுக்கு மூணு வயசு. நான் காலையில ஓட்டல்ல பரிமாறப் போயிடுவேன், ஸ்டான்தான் பார்த்துக்கணும். ரெண்டாவது தடவை அவளைப் பஸ் டிப்போவுல பிடிச்சாங்க. அன்னைக்கு அவன் அழுதான். அப்புறம் அதை மாட்டினான்" என்றார்.

பின்கதவைக் காட்டினார். மேல் மூலையில் ஒரு சின்னப் பித்தளை மணி, கம்பியில் சுற்றித் தொங்கியது. கதவைக் கொஞ்சம் அசைத்தார். தூங்குகிறவனை அல்ல, செத்தவனையே எழுப்பும் சத்தம். போகுவா அக்காவின் தங்கச்சி முட்டைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இப்ப அவளுக்கு ஐம்பது வயசு. புளோரிடாவுல இருக்கா. எங்கயும் ஓடிப் போகலை" என்றார். பிறகு என்னிடம், "நீதான் உயரம். ஏறிக் கழட்டு."

நாற்காலியில் ஏறினேன். ஆலைக் கம்பி, இருபது தடவை முறுக்கியிருந்தது. பிரிக்கும்போது விரல் கீறி ரத்தம் வந்தது. போனில் அத்தான் அசையாமல் இருந்தார். படம் உறைந்துவிட்டதோ என்று செர்வா போனைத் தட்டிப் பார்த்தாள்.

அத்தான் பதினொரு வருடமாக லாரி ஓட்டுகிறார். தூக்கத்தைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அவருக்கு அதிகம் தெரியும். எங்கோ ஒரு ராத்திரி, ஓட்டும்போதே கண்ணயர்ந்தவரைச் சாலையோரத்து மேடுபள்ளக் கோடு சக்கரத்தில் உறுமி எழுப்பிய கதையை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொல்லாதே என்றார். நான் சொன்னதில்லை.

"செர்வா" என்றார் கடைசியில். "எவ்வளவு உயரத்துல கட்டினாங்கன்னு கேளு. நாற்காலி போட்டு ஏறினா எட்டுமான்னு கேளு. நம்ம சின்னது நாற்காலி இழுக்கும்."

அதுவரை தண்ணீரைத் தொடாதிருந்த அக்கா, கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

பெரியப்பா எழுந்தார். விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து ஆரம்பித்தார், குஞ்சு, பருந்து எல்லாவற்றோடும். இந்தத் தடவை மாமன் தூங்கினான் என்று சேர்த்துக்கொண்டார். "தூங்கும் மாமனையும் சேர்த்துச் சிறகுக்குள் வைத்த கோழியே" என்றபோது கோர்ஸ்கி அம்மா சிரித்து நான் முதல் முறை பார்த்தேன். கோட்டு, முட்டை, கிழங்கு, ஜின் எல்லாம் வலது கைகளால் கைமாறின. கிழங்கை அவர் பிடித்த விதத்தைப் பார்த்தால் அதைச் சமைக்கப் போகிறாரா, வாத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறாரா என்று தெரியவில்லை.

வாசலில் அக்கா நின்று மணியைத் தூக்கிக் காட்டினாள். "நாளைக்குக் காலையில வரோம்."

"ஏன்?" கோர்ஸ்கி அம்மா பதறினார்.

"இதுக்கு நன்றி சொல்ல" என்றாள் செர்வா. அவள் இம்முறை அம்மாவைத் தடுக்கவில்லை.

"ஒன்பது மணிக்கு வரச் சொல்லு. ஆறு இல்லை, ஒன்பது. முட்டை வேண்டாம். நான் ஒரே ஆள்."

அன்று பகல் நான் தூங்கும் முன் மணியை முன்கதவின் உச்சியில், நாற்காலிக்கும் எட்டாத இடத்தில் கட்டினேன். அதோடு விடவில்லை. கதவை ஒட்டித் தரையில் படுக்கை விரித்தேன். இனி கண் அசந்தாலும் என் முதுகைத் தள்ளாமல் யாரும் வெளியே போக முடியாது. அக்கா சாயங்காலம் அதைப் பார்த்தாள். பதினொரு நாள் அவள் என்னிடம் "சோறு பானையில இருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நியாயம்தான். அந்தப் பதினொரு நாளும் பானையில் சோறு இருந்தது. அதற்கும் யாராவது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் பாத்திரம் கழுவி வைத்தேன்.

ஆனால் அந்தப் பதினொரு நாள் கதை பிறகு. மறுநாள் ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வந்திருந்த அக்கா, அடோமா, நான். மற்றவர்களுக்கு வேலை, செர்வாவுக்குப் பள்ளி. கதவு முதல் தட்டிலேயே திறந்தது. கோர்ஸ்கி அம்மா தலைவாரி, நல்ல கம்பளிச் சட்டை போட்டிருந்தார். சமையலறை மேசையில் எட்டு கிளாஸ் ஏற்கெனவே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. ஜாம் பாட்டில், பல் குவளை, நண்டுக் கோப்பை, எல்லாம் முந்தின நாள் இருந்த அதே இடங்களில்.

எங்களை எண்ணினார். மூன்று என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. "குடைக்காரர் வரலையா?"

"அவருக்கு வேலை" என்றேன்.

"அவரு?" சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் இருந்த கிளாஸைக் காட்டினார்.

அக்கா என்னைப் பார்க்காமல் போனை எடுத்தாள். அயோவாவோ இல்லினாயோ, எங்கிருந்தோ அத்தான் எடுத்தார். பின்னால் லாரி இஞ்சின் உறுமியது. எங்கே இருக்கிறோம் என்பதை அவர் பார்க்கும்படி அக்கா போனை டப்பாவில் சாய்த்து வைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மச்சான் வந்திருக்கானா?" என்றார் முதலில்.

"இருக்கேன் அத்தான்."

"முழிச்சிருக்கியா?"

"இப்போதைக்கு."

"ஈஸ்டருக்கு நான் அங்க வரேன். மணியை நானே ஆட்டிப் பார்ப்பேன்" என்றார். பிறகு கோர்ஸ்கி அம்மா பக்கம் திரும்பி, ஊர் உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில், நேற்றைக்கு நன்றி என்றார். அடோமா மேசை மேல் எக்கி, அப்பாவின் கிளாஸிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.